மழையில் ஓடும் பழைய வண்டிகள்: இலண்டன்–பிரைட்டன் ஓட்டம்

இங்கிலாந்தில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, சூரியன் உதிக்கும் வேளையில் இலண்டன் ஹைட் பார்க்கிலிருந்து நூற்றுக்கணக்கான பழைய மோட்டார் வண்டிகள் புறப்படுகின்றன. தெற்கே சுமார் 96 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிரைட்டன் என்னும் கடற்கரை நகரை அடைவதே அவற்றின் நோக்கம். 1905ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட வண்டிகளுக்கே இதில் இடம் உண்டு. இது பந்தயம் அன்று. ஒரு சட்டம் மாறியதன் நினைவு விழா.

1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, இயந்திர வண்டிகள் நாட்டுப்புறச் சாலைகளில் மணிக்கு 4 மைல், ஊர்களுக்குள் 2 மைல் வேகத்துக்கு மேல் செல்லக்கூடாது. வண்டிக்கு முன்னால் 60 கஜம் தள்ளி ஒருவர் செங்கொடியுடன் நடக்கவும் வேண்டும். நீராவி இழுவை வண்டிகளை மனத்தில் கொண்டு எழுந்த சட்டம் இது. 1878இல் கொடி கட்டாயம் இல்லை என்றானது. ஆயினும் வேகவரம்பு நீடித்தது. 1896ஆம் ஆண்டின் புதிய சட்டம் இலகுரக வண்டிகளுக்கு விலக்கு அளித்து, வரம்பை 14 மைலாக உயர்த்தியது.

அச்சட்டம் நடைமுறைக்கு வந்த 1896 நவம்பர் 14 அன்று, ஹாரி லாசன் என்பவர் இந்த ஓட்டத்தை ஏற்பாடு செய்தார். காலை விருந்தில் வின்சில்சீ பிரபு செங்கொடி ஒன்றைக் கிழித்தார். வழக்கொழிந்துவிட்ட கொடிதான் என்றாலும், பழைய தடைகளுக்கு அதுவே அடையாளமாக இருந்தது. குளிரும் மழையுமான அந்நாளில் 30க்கும் மேற்பட்ட வண்டிகள் புறப்பட்டன. பல வண்டிகள் பிரைட்டனைச் சென்றடையவில்லை.

அன்றைய பொறிநுட்பத்துக்கு மழை கடும் சோதனை. சில வண்டிகளில் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசென்றது தோல் பட்டை. அது நனைந்தால் வழுக்கும். வேறு சிலவற்றில் சிறு குழாய் ஒன்றை விளக்குச் சுடரால் பழுக்கக் காய்ச்சித்தான் எரிபொருளைப் பற்றவைத்தார்கள். பலத்த காற்றில் அச்சுடர் அணைந்துவிடும். பெரும்பாலானவற்றுக்குக் கூரையும் இல்லை, முன்கண்ணாடியும் இல்லை.

1927இல் இந்த ஓட்டம் மீண்டும் நடத்தப்பட்டது. 1930 முதல் ராயல் ஆட்டோமொபைல் கிளப் இதை நடத்தி வருகிறது. 1953இல் வெளியான ‘ஜெனிவீவ்’ திரைப்படம் இதைப் பலரும் அறியச் செய்தது. அப்படத்தின் பெயர் அதில் வரும் 1904ஆம் ஆண்டு டராக் வண்டியின் பெயரே.

இன்றும் புறப்படுமுன் செங்கொடி கிழிக்கப்படுகிறது. மழை பெய்தாலும் ஓட்டுநர்கள் தோல் மேலங்கியும் கண்ணாடியும் அணிந்து திறந்த இருக்கையில் அமர்கிறார்கள். மக்கள் குடை பிடித்துச் சாலையோரம் நின்று பார்க்கிறார்கள். அருங்காட்சியகத்தில் இவ்வண்டிகளின் பித்தளை விளக்குகளும் மரச் சக்கரங்களும் அழகுப் பொருள்களாகவே தோன்றும். ஈரச் சாலையில் மேட்டில் திணறி ஏறும்போதுதான், முன்கண்ணாடியும் கூரையும் நல்ல தடையும் பின்னர் ஏன் வந்தன என்பது தெளிவாக விளங்கும்.