கம்மலுக்கு வட்டி கட்டிய உதவித்தொகை

நான் பி.ஏ. தமிழ் சேர்ந்த வருஷம், ஜூன் மாதத்தில் எங்கம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. ‘ஸ்காலர்ஷிப் வந்ததும் மீட்டுக்கலாம்’ என்று சொல்லித்தான் வைத்தோம். ஸ்காலர்ஷிப் மறு வருஷம் மார்ச் கடைசியில், பரீட்சை நேரத்தில் வந்தது. கல்லூரி அலுவலகத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்கி, அப்படியே கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, ‘இது வட்டிக்கும் நீ அங்கங்க வாங்குன கைமாத்துக்குமே சரியாப் போவுமே புள்ள’ என்றார். முதல் அப்படியே நின்றது. அடுத்த வருஷம் கம்மல் மூழ்கிப்போனது.

அரசாங்கம் எனக்குக் கொடுத்த பணம் கடைசியில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? பதில் சேட்டுக் கடைக்காரருக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். எனக்குத்தான் வெகுநாள் கழித்து உறைத்தது. உதவித்தொகையின் வரலாற்றை நம்முடைய பக்கமிருந்து படித்தால், ஒவ்வொரு கட்டத்திலும் இந்தக் கம்மல் கதை திரும்பத் திரும்ப வருகிறது. காலந்தாழ்ந்து வரும் உதவித்தொகை, வாங்குகிறவன் தலையில் கடனாகத்தான் இறங்குகிறது.

சென்னை மாகாணத்தில் பஞ்சமர் கல்விக்கென அரசு தனியாகப் பணம் ஒதுக்கத் தொடங்கியதில் 1893 பிப்ரவரி 1ஆம் தேதியிட்ட 68ஆம் எண் அரசாணை முக்கியமானது. பஞ்சமர் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம், ஆசிரியப் பயிற்சி பெறும் பஞ்சமருக்கு உபகாரச் சம்பளம் என்று அது பேசியது. ஆனால் பணம் ஒதுக்கியவுடன் வகுப்பறைக் கதவு திறந்துவிடவில்லை. கோயமுத்தூரில் படித்த இரட்டைமலை சீனிவாசன், 1939இல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில், சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியிலேயே நின்று படித்துவிட்டு அதன்பிறகே வகுப்புக்குள் நுழைந்ததை எழுதியிருக்கிறார். அவர் மறைக்க நினைத்த சாதியை எங்கள் கல்லூரியில் வகுப்பின் நடுவிலேயே கூப்பிட்டார்கள். ‘எஸ்.சி. ஸ்காலர்ஷிப்பெல்லாம் எழுந்திருங்க, ஃபாரம் வந்திருக்கு’ என்று வாசலில் நின்று சொல்லுவார் அலுவலக உதவியாளர். எழுந்து நின்ற பன்னிரண்டு பேரையும் மற்றவர்கள் திரும்பிப் பார்த்த பார்வையில், அதுவரை சேர்ந்து டீ குடித்த சிநேகிதமும் கொஞ்சம் கலைந்துபோகும்.

டாக்டர் அம்பேத்கர் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில்தான் அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று வருஷத்துக்கு. படித்து முடித்ததும் பத்து வருஷம் பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1916இல் லண்டனுக்குப் போய்ப் பொருளாதாரமும் சட்டமும் படிக்க ஆரம்பித்தார். உதவித்தொகைக் காலம் முடிந்துபோனதால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கியிருந்தவரைத் தடியோடு வந்த கும்பல் வெளியேறச் சொன்னது. எங்கும் வீடு கிடைக்காமல் பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறியதை அவரே எழுதி வைத்திருக்கிறார். கொலம்பியாவுக்கு அனுப்பப் பணம் தந்த ஊர், திரும்பி வந்தவனுக்கு ஒரு அறை தரவில்லை. விட்ட படிப்பை முடிக்க 1920இல் அவர் மறுபடி லண்டன் போனது, கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில். அத்தோடு கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடனும் சேர்ந்தன. பாபாசாகேப்பின் படிப்பிலும் பாதிக்குமேல் உதவித்தொகை நின்று, கடன் புகுந்திருக்கிறது.

இந்த அனுபவம் உள்ள மனிதர்தான் வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினரானதும், 1942 அக்டோபர் 29இல் லின்லித்கோ பிரபுவிடம் பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றிய மனுவைக் கொடுத்தார். உள்நாட்டில் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க வருஷத்துக்கு 2 லட்சம், வெளிநாட்டில் படிக்க 1 லட்சம் என்று கேட்டார். காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு மானியம் தருவதைச் சுட்டிக்காட்டி, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்ற தொனியில் கேட்டார். மன்னரின் தயவில் படித்தவர், இங்கே தயவு கேட்கவில்லை. அரசின் கஜானாவில் நம்முடைய பாகத்தைக் கேட்டார். 1944-45இல் மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. 1948-49இல் பழங்குடியினருக்கும் விரிந்தது. பேச்சுவழக்கில் நாம் ‘போஸ்ட் மெட்ரிக்’ என்று சொல்வது இதைத்தான்.

பாகமாகக் கேட்டது எப்படி மறுபடி பிச்சையாக மாறியது? மூன்று இடங்களில் பார்க்கலாம்.

முதலாவது, யாருக்கு என்ற கேள்வி. 1950 குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவத் தலித்துகளைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. மத்திய அரசின் இந்தத் திட்டம் அவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் மாநில அரசு தன் பணத்தில் தருகிறது. வருமான உச்சவரம்பு 2013இல் 2.5 லட்சம் ஆனது. 2021இல் வந்த புதிய விதிகளிலும் அதே 2.5 லட்சம்தான். மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 21,000 ரூபாய்கூட இல்லை. நிரந்தரமான ஒரு துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளைகூட இந்தக் கோட்டைத் தாண்டி வெளியே விழுந்துவிடும்.

இரண்டாவது, யார் பணம் என்ற தகராறு. ஒவ்வொரு ஐந்தாண்டுத் திட்டம் முடியும்போதும், கடைசி வருஷம் ஆன செலவு மாநிலத்தின் கட்டாயப் பொறுப்பு ஆகிவிடும். அதற்குமேல் ஆகும் தொகையை மட்டும் மத்திய அரசு தரும். 2017இல் 12ஆவது திட்டம் முடிந்ததும் மாநிலங்களின் சுமை பெருத்தது. 2020 டிசம்பரில்தான் மத்திய அமைச்சரவை 60:40 பங்கீட்டை அறிவித்தது. ஐந்து வருஷத்துக்கு 59,048 கோடி, அதில் மத்திய அரசின் பங்கு 35,534 கோடி. மாநிலம் தன் பங்கைப் போட்ட பிறகுதான் மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும் என்பது ஏற்பாடு. தமிழ்நாடு அரசு 2012இல் 92ஆம் எண் அரசாணை போட்டு, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளின் கட்டணத்தைத் தானே ஏற்றது. 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அதை வெட்டியது. டெல்லிக்கும் சென்னைக்கும் கணக்கு தீருகிறவரை, கல்லூரி வாசலில் பதில் சொல்ல வேண்டியது பதினெட்டு வயசுப் பெண்.

மூன்றாவது, ‘ஸ்காலர்ஷிப் இல்லாட்டி பேங்க் லோன் போடேன்’ என்கிற உபதேசம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 2001இல் வந்தது. 4 லட்சம் வரை ஜாமீன் வேண்டாம், அதற்குமேல் 7.5 லட்சம் வரை வேறொருவர் ஜாமீன் நிற்க வேண்டும், அதையும் தாண்டினால் சொத்து காட்ட வேண்டும் என்று விதி இருந்தது. சேரியில் யாருக்கு யார் ஜாமீன் நிற்பது? நத்தம் புறம்போக்கில் குடிசை போட்டவன் எந்தப் பத்திரத்தைக் காட்டுவது? ஜாமீனே தேவைப்படாத கடனுக்கு என் தங்கையோடு ஒரு வங்கிக்குப் போனேன். மேனேஜர் ஊர்ப் பெயரைக் கேட்டார், தெருப் பெயரைக் கேட்டார். ‘உங்க ஊரு எங்க ஏரியாவுல வராதுப்பா’ என்றார். பக்கத்து ஊர்க் கிளைக்குப் போனால் அங்கேயும் அதே பதில். இரண்டு கிளைக்கும் நடுவில் எங்கள் தெரு மட்டும் எந்த ஏரியாவிலும் சேராமல் கிடந்தது.

தாமதம் என்ன செய்யும் என்பதற்குப் பெரிய சாட்சி ரோஹித் வெமுலா. 2016 ஜனவரி 17இல் ஐதராபாத்தில் அவர் எழுதி வைத்த கடைசிக் கடிதத்தில், ஏழு மாத ஆய்வு உதவித்தொகை 1,75,000 ரூபாய் தனக்கு வரவேண்டியிருப்பதைக் குறிப்பிட்டு, அதைத் தன் குடும்பத்துக்குக் கொடுத்துவிடும்படி கேட்டிருந்தார். சாகப்போகிறவன் கணக்கு எழுதி வைக்கிறான் என்றால், அந்தப் பாக்கி அவனை எவ்வளவு அழுத்தியிருக்கும். 2024இல் உத்தரப்பிரதேசத்துத் தலித் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் 17,500 ரூபாயைக் கடைசி நாள் மாலை 5 மணிக்குள் கட்ட முடியாமல் இடத்தை இழந்தான். செப்டம்பர் 30இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. நாம் சில நிமிஷம் தாமதித்தால் இடம் போகிறது. அவர்கள் மாதக்கணக்கில் தாமதித்தால் அதற்குப் பெயர் ‘நிர்வாகக் காரணம்’.

ஆகவே தோழர்களே, ‘உதவித்தொகையை உயர்த்து’ என்ற நம் கோரிக்கையோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்திலேயே பணம் வரவேண்டும். தவறினால், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் அரசு வட்டி கட்ட வேண்டும். கந்து வட்டி வேண்டாம், வங்கி நம்மிடம் வாங்குகிற வட்டி போதும். ‘அதெப்படி, அரசாங்கம் வட்டி கட்டுமா?’ என்று கேட்பார்கள். இத்தனை வருஷமாக அந்த வட்டியை யார் கட்டினார்கள் என்று நாம் திருப்பிக் கேட்கலாம். எங்கம்மா காதில் இன்றைக்கும் வேப்பங்குச்சிதான் இருக்கிறது.