சுழலும் லென்ஸும் தஞ்சைக் கல்வெட்டும்

ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பழைய லயத்தின் முன் நின்று கமராவைத் தூக்கிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் இருந்தால் இரண்டு மூன்றுதான் அதற்குள் அடங்கும். பின்னே போகலாமென்றால் தேயிலைச் சரிவு.

இந்தச் சங்கடத்துக்கு 1845 அளவில் பாரிஸில் மார்ட்டென்ஸ் என்னும் சித்திரச் செதுக்கர் ஒரு வழி கண்டார். படத்தகட்டை வில்லாக வளைத்துப் பொருத்தினார். அதன் மையத்தில் லென்ஸை வைத்துக் கைப்பிடியால் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சுழற்றினார். லென்ஸின் பின்னாலுள்ள ஒடுங்கிய பிளவு கடந்துபோகும் இடத்தில் மட்டும் ஒளி விழும். சுமார் 150 பாகை அகலக் காட்சி ஒரே தகட்டில் பதிந்தது. செப்புத் தகட்டை வளைப்பது இலேசான காரியமா? வளைந்து கொடுக்கும் படச்சுருள் வந்த பிறகே இக்கருவி பலர் கைக்கும் எட்டியது. 1899இல் வந்த கொடாக் பனோரம் கமரா 12 அங்குல நீளப் படம் எடுத்தது.

மலைத் தொடருக்கு இது அற்புதமான கருவி. ஆனால் சுழலும் லென்ஸுக்குச் சுவரின் நடுப்பகுதி கிட்ட, ஓரங்கள் எட்ட. ஆகவே நேரான லயம் நடுவே பருத்து, இரு முனையும் மெலிந்து, படகு போல வளைந்து நிற்கும். நடுக் காம்பராக்காரர் பெரியவர். கடைசிக் காம்பராக்காரர் புள்ளி! மனிதக் கூட்டமென்றால் வில் வடிவில் நிறுத்தி வைத்து, படத்தில் நேராக்கிவிடலாம். கட்டடத்தை அப்படி நிறுத்த முடியாதே.

1858இல் சென்னை அரசின் புகைப்படக்காரரான கப்டன் லினேயஸ் ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைப் படமாக்க வந்தார். அவர் லென்ஸைச் சுழற்றவில்லை. கமராவையே தூக்கிக்கொண்டு நடந்தார். இடம் மாறி மாறி எடுத்த 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். எழுத்தல்லவா? ஓரத்தில் இருப்பதும் நடுவில் இருப்பதும் ஒரே அளவாக வேண்டாமா? தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் இக்கோயிற் சாசனங்கள் அச்சேறத் தொடங்கியது 1891இல்தான். ட்ரைப்பின் பிரிவையோ, வீண் செலவென்று இரண்டொரு ஆண்டில் மூடிவிட்டார்கள். அரசாங்கக் கணக்கு எக்காலத்திலும் அப்படித்தான்.

பழைய லயங்கள் மறைந்து வருகின்றன. அவற்றைப் படமெடுத்து வைக்க விரும்பும் இளைஞர்களுக்கு நான் ட்ரைப்பின் வழியையே சொல்வேன்: ஒவ்வொரு காம்பரா வாசலிலும் ஒருமுறை நில்லுங்கள். அதே தஞ்சைக் கோயிலின் சுற்று மதிலில், ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பது வரையில்.