பூட்டிய பக்கங்கள்

இராசிபுரம், நாமக்கல் வட்டாரங்களின் மானாவாரி உழவர் நிலக்கடலை விதையை மழைக்கு முன்பே வீட்டில் சேர்த்துவைப்பர். ஈரம் காயுமுன் விதைத்தாக வேண்டும். மழை பெய்த பின் விதை தேடிச் சேலத்துக்குப் புறப்படுபவன், நல்ல விதையே கொணர்ந்தாலும், பருவத்தை இழப்பான். காலந்தாழ்ந்து கிட்டிய சரியான பொருள் வீணாகும் இந்நிலை கணிப்பொறிக்கும் உண்டு.

முற்காலக் கணிப்பொறிகளில் விரைவான நினைவகம் விலை மிகுந்தது, எனவே சிறியது. எந்தப் பகுதியை எப்போது உள்ளே கொணர்வது என்று நிரல் எழுதுவோரே கணக்கிட்டனர். மாஞ்செஸ்டரில் டாம் கில்பர்ன் குழுவினர் அச்சுமையைப் பொறியிடமே ஒப்படைத்தனர். 1962 டிசம்பர் 7-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பெற்ற அவர்களது ‘அட்லஸ்’ பொறியில் 16,384 சொற்களுக்குக் காந்த வளைய நினைவகமும், 98,304 சொற்களுக்குச் சுழலும் உருளைகளும் இருந்தன. நிரலுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். 512 சொற்கள் ஒரு பக்கம். கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லையேல், பொறி நிரலை நிறுத்தி, உருளையிலிருந்து அதைக் கொணர்ந்து, விட்ட இடத்தில் தொடரும். இதற்குப் ‘பக்கப் பிழை’ என்று பெயர். பிழை ஏதும் நிகழவில்லையாதலால் அப்பெயர் அத்துணைப் பொருத்தமன்று!

வளைய நினைவகம் 2 மைக்ரோ வினாடியில் விடையளிக்கும். உருளை ஒருமுறை சுழல 12 மில்லி வினாடி. சராசரிக் காத்திருப்பு 6 மில்லி வினாடி. மூவாயிரம் மடங்கு! சம்பளப் பட்டியல் போடுபவருக்கு இத்தாமதம் தெரியாது. 1972-இல் ஐ.பி.எம். நிறுவனமும் தன் 370 வரிசைக்கு இம்முறையை அறிவித்தது.

ஆனால் கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலை போன்ற இடத்தை எண்ணிப் பாருங்கள். அங்குத் துருப்பிடியா எஃகுத் தகடு உருளைகளுக்கிடையே நசுங்கி மெலிகிறது. தகடு வினாடிக்கு 5 மீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். தடிமனைத் திருத்தும் கட்டளை 10 மில்லி வினாடி தாமதித்தால், 5 சென்டிமீட்டர் நீளம் திருத்தப்படாமலே போய்விடும். நிரல் சரியாகத்தான் கணக்கிட்டது, தகடுதான் காத்திருக்கவில்லை.

ஆகவே காலக்கெடுவுள்ள நிரல்களின் பக்கங்களை நினைவகத்திலேயே பூட்டிவைக்கும் வழக்கம் எழுந்தது. 1993-இல் ‘பாசிக்ஸ்’ தரத்தின் நிகழ்நேர விரிவு இதற்கான கட்டளைகளை வரையறுத்தது. ‘எம்லாக்ஆல்’ அவற்றுள் ஒன்று. பூட்டியதும் கவலை தீர்ந்ததென்று பலர் எண்ணுவர். தீராது. நிரலின் அடுக்கு நினைவகம் வேலையின் நடுவே வளர்ந்தால், புதுப் பக்கம் தேட நேரும். ஆதலால் தேவைப்படும் ஆழம் முழுவதையும் தொடக்கத்திலேயே ஒருமுறை தொட்டு எழுதிவிட வேண்டும். வேண்டிய இடத்தையெல்லாம் முன்னதாகவே கேட்டுப் பெறுவதும், பெற்றதை இடையில் திருப்பித் தராமையும் இன்றியமையாதவை. நிரல் தன்னைப் பிரதியெடுத்துச் சேய்நிரலைப் பிறப்பித்தாலோ, பூட்டு சேய்க்குச் செல்லாது. தாயும் பகிர்ந்த பக்கத்தில் எழுதுகையில் மீண்டும் தடுக்கிவிழும். என் கருத்தில், இளைஞர் மிகுதியும் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

பூட்டிய பக்கம் பிறருக்குக் கிட்டாது. எனவே சாதாரணப் பயனாளர் எவ்வளவு பூட்டலாம் என்பதற்கு இயங்குதளங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. 2024 நவம்பரில் வெளிவந்த லினக்ஸ் 6.12 பதிப்பில் நிகழ்நேர வசதி மூலக்கருவிலேயே இணைந்தது. எனினும் பக்கங்களைப் பூட்டுவதும் முன்கூட்டியே தொட்டுவைப்பதும் இன்றும் நிரல் எழுதுவோர் பொறுப்பாகவே இருக்கின்றன.