மாத்தளையில் தட்டப்படும் கதவுகள்

அண்மையில் மாத்தளைக்குப் போயிருந்தேன். தங்கியது ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவரின் வீட்டில். இரவுச் சாப்பாடு முடிந்ததும், ரவுட்டரில் உள்ள ஃபயர்வோல், அதாவது தீச்சுவர், அனுப்பிய எச்சரிக்கைகளை வரிசையாகக் காட்டினார்.

"அண்ணே, நாள் முழுக்க எவனோ உள்ளே வரப் பார்க்கிறான் என்று எழுதுகிறது. என் வீட்டில் அவனுக்கு என்ன இருக்கிறது?"

1983 ஜூலையில் மாத்தளை நகரம் எரிந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். கதவு தட்டும் ஓசையை அவரால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தொல்லை தாளாமல் தீச்சுவரையே நிறுத்திவிடலாமா என்றும் யோசித்திருக்கிறார். அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

நெருங்கி நிற்கும் கட்டடங்களுக்கிடையே தீ பரவாதிருக்க எழுப்பப்படும் சுவருக்கே முதலில் அப்பெயர். கணினி உலகுக்கு அத்தகைய சுவரின் தேவையை உணர்த்திய நாள் 1988 நவம்பர் 2. அன்றைய இணையம், பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்த ஒரு சிற்றூர். றொபேர்ட் மொறிஸ் என்ற அமெரிக்க மாணவர் ஏவிய, தானே பரவும் நிரல் ஒன்று ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. அத்துடன் அந்த ஊரின் வெகுளித்தனம் முடிந்தது.

2003 ஜனவரி 25இல் வந்த ஸ்லாமர் வெறும் 376 பைட் அளவுடையது. முகவரிகளைக் குருட்டாம்போக்கில் தெரிந்தெடுத்துத் தட்டியது. தன்னால் தொற்றக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்தைப் பத்தே நிமிடத்தில் பிடித்தது. அதைத் தடுக்கும் திருத்தமோ ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது! அதே ஆண்டு ஓகஸ்டில் பிளாஸ்டர் வீட்டுக் கணினிகளையும் விட்டுவைக்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் 2001 முதலே தீச்சுவர் இருந்தும் அது அணைந்தே கிடந்தது. 2004 ஓகஸ்டில் வெளியான இரண்டாவது சேவைத் தொகுப்புத்தான் அதைத் தானாகவே இயங்கச் செய்தது.

2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே கணினியிலிருந்து 45 நிமிடத்துக்குள் இணையத்தின் பொது முகவரிகள் அனைத்தையும் தட்டிப் பார்க்கலாம் என்று காட்டினர். 2016இல் மிறாய் என்ற நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத ரவுட்டர்களையும் கண்காணிப்புக் கெமராக்களையும் தேடித் தேடிப் பிடித்தது. அவையே பின்னர் பிறர் கதவைத் தட்டும் ஏவலாட்களாயின.

ஆகவே, நண்பரின் வீட்டை எவரும் குறிவைத்திருக்க வேண்டியதில்லை. தெருவில் உள்ள எல்லாக் கதவுகளையும் இயந்திரங்கள் தட்டுகின்றன. அவர் கதவும் அவற்றுள் ஒன்று. "தடுக்கப்பட்டது" என்ற சொல், சுவர் தன் வேலையைச் செய்ததற்கான சாட்சி. 192.168 எனத் தொடங்கும் முகவரி என்றால், அது பெரும்பாலும் வீட்டிலுள்ள அச்சுப்பொறியோ தொலைக்காட்சியோதான்.

அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. உள்ளேயிருக்கும் கருவியொன்று, நாம் அறியாத முகவரிகளுக்கு ஓயாமல் வெளியே போக முயன்றால், ஆபத்து உள்ளே வந்துவிட்டிருக்கலாம். அந்தக் கருவியை உடனே இணைப்பிலிருந்து கழற்றிச் சோதிக்க வேண்டும்.

மறுநாட் காலை இருவரும் மெக்டோவல் கோட்டைப் பக்கம் நடந்தோம். 1803இல் ஆங்கிலேயர் எழுப்பிய கோட்டை அது. அதே ஆண்டு ஜூனில் அதன் தளபதி அதைக் கைவிட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்கினார். இன்று எஞ்சியிருப்பது ஒரு வாயிலும் சிறிது சுவரும், உள்ளே கல்லறைகள். காவலிருப்பவன் போய்விட்டால் சுவரால் ஆவது என்ன?

வீடு திரும்பியதும் நண்பர் ரவுட்டரின் பழைய கடவுச்சொல்லை மாற்றினார். அதன் மென்பொருளையும் புதுப்பித்தார். தீச்சுவரை நிறுத்தவில்லை. தட்டும் ஓசை இன்னும் கேட்கிறதாம். ஆனால் இப்போது உறக்கம் வருகிறதாம்.