'நைஸ்' என்னும் ஆங்கிலப் பெயரடை: பொருள் மாற்றமும் அன்றாட வழக்கும்

ஆங்கிலப் பேச்சில் மிகுதியாகப் புழங்கும் பெயரடைகளுள் ஒன்று 'நைஸ்'. வானிலை, உணவு, சட்டை, பக்கத்து வீட்டார், விடுமுறை என எதன் முன்னும் அது வந்து நிற்கும். இந்தத் தாராளமே அதற்குப் பகையாயிற்று. மாணவர் கட்டுரையில் அச்சொல் தென்பட்டால் அடித்துவிட்டு வேறு சொல் எழுதச் சொல்வது ஆங்கில ஆசிரியர்களின் நெடுநாள் வழக்கம். எதற்கும் பொருந்தும் சொல்லில் பொருள் ஏதும் இல்லை என்பது அவர்கள் வாதம். சொல்லின் வரலாற்றையும், வாக்கியத்தில் அது நிற்கும் இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் இவ்வாதம் நிலைக்காது. 'நைஸ்' தன் பொருளின் பெரும்பகுதியைத் தான் அமரும் வாக்கியத்திடமிருந்து பெறுகிறது. தனியே பிரித்து வைத்துப் பார்ப்பவருக்கே அது வெறுஞ்சொல்லாகத் தெரிகிறது.

சொல்லின் மூலம் இலத்தீன் 'நெஸ்கியுஸ்'. அறிதலைக் குறிக்கும் வினையோடு எதிர்மறை சேர்ந்து பிறந்த அச்சொல்லுக்கு 'அறியாத' என்பது பொருள். பழைய பிரெஞ்சில் 'பேதையான' என்று வழங்கி, அதே பொருளோடு 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. 1400இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர் சாசரின் எழுத்தில் இச்சொல்லால் சுட்டப்படுபவர் இனியவர் அல்லர், மூடர். பேதைமையிலிருந்து கூச்சம், கூச்சத்திலிருந்து எதையும் எளிதில் ஏற்காத இயல்பு, அங்கிருந்து பொறுக்கி எடுக்கும் நுணுக்கம் என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. ஒவ்வொரு படியும் முந்தியதற்கு அருகிலேயே இருந்ததால் பேசியவர்கள் எவரும் சொல்லை மாற்றிவிட்டதாக உணர்ந்திருக்க மாட்டார்கள். நுணுக்கத்திலிருந்து ஒரு கிளை 'அற்பமான' என்ற பொருளுக்கும் போயிற்று. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில், ரோமியோவின் கைக்குப் போய்ச் சேராத கடிதம் சாதாரணமானதன்று என்று பாதிரியார் பதறும் இடத்தில் இச்சொல் அப்பொருளிலேயே வருகிறது. இன்றைய வாசகர் அதைக் கடிதம் இனிமையானதன்று என்று படித்தால் காட்சியின் பதற்றமே புரியாது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி முதலிடம் தருவது நுட்பம் பிசகாத கணிப்பு என்ற பொருளுக்கு. 'இனிய, நல்ல' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வேர்பிடித்தது.

அது வேர்பிடித்த வேகத்தை ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' காட்டுகிறது. ஆஸ்டின் இறந்த 1817ஆம் ஆண்டின் இறுதியில் அச்சேறிய நாவல் அது. தான் ரசித்துப் படித்த ஒரு நாவலை நாயகி கேத்தரின் 'நைஸ்' என்று புகழ்கிறாள். அவளோடு பேசிக்கொண்டிருக்கும் ஹென்றி டில்னி அச்சொல்லை 'நேர்த்தியான' என்று வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு, அது புத்தகத்தின் கட்டைப் பொறுத்தது என்கிறான். நேர்த்தி, நயம், நாகரிகம் ஆகியவற்றுக்கே தொடக்கத்தில் உரியதாக இருந்திருக்கக்கூடிய சொல் இன்று எல்லாவற்றுக்கும் பாராட்டாகிவிட்டது என்றும் கேலி செய்கிறான். டில்னி 'தொடக்கம்' என்று கருதியது உண்மையில் இடையில் வந்த ஒரு படி. உண்மையான தொடக்கத்துக்குப் போனால் கேத்தரின் அந்த நாவலை மூடத்தனமானது என்று சொன்னதாக ஆகும். பழைய பொருளே சரியான பொருள் என்று வாதிடுவோர் எல்லோரும் இப்படித் தமக்கு வசதியான ஒரு நூற்றாண்டில்தான் நின்றுகொள்கிறார்கள். 1926இல் வெளிவந்த ஃபவுலரின் ஆங்கில வழக்குக் கையேடும் இச்சொல் தன் தனித்தன்மையை இழந்ததாக வருந்தி, பழியைப் பெண்களின் பேச்சின் மேல் போட்டது. அந்தப் பழி நியாயமற்றது. மதிப்பிடும் சொற்கள் புழங்கப் புழங்கக் கூர்மை இழப்பது எம்மொழியிலும் நடப்பது. தமிழில் 'பயங்கரமாக இருந்தது' என்று விருந்தைப் புகழ்வதும் அதே வழியில் வந்ததே. மாற்றம் எப்போதும் மேல்நோக்கியும் போவதில்லை: 'பேறு பெற்ற' என்று தொடங்கிய 'சில்லி' என்னும் ஆங்கிலச் சொல் இன்று அசட்டுத்தனத்தைக் குறிக்கிறது.

இன்றைய வழக்கில் கவனிக்க வேண்டியது வாக்கிய அமைப்பு. முதன்முறை சந்திக்கையில் ஆங்கிலேயர் சொல்வது 'நைஸ் டு மீட் யூ'. விடைபெறும்போது அது 'நைஸ் மீட்டிங் யூ' ஆகிறது. பெயரடை மாறவில்லை, வினையின் வடிவம் மட்டுமே மாறியது; சந்திப்பு தொடங்குகிறதா முடிகிறதா என்பது அதிலேயே அடங்கிவிடுகிறது. 'நைஸ் ஆஃப் யூ' என்றால் செய்தவரின் குணத்துக்குப் பாராட்டு, 'நைஸ் ஃபார் யூ' என்றால் கேட்பவருக்குக் கிடைத்த நன்மை. அறை 'நைஸ் அண்ட் வார்ம்' என்னும்போது அறைக்கு இரண்டு பண்புகள் சொல்லப்படவில்லை, வெதுவெதுப்பு வேண்டிய அளவில் இதமாக இருக்கிறது என்பதே கருத்து. 'வார்ம் அண்ட் நைஸ்' என்று புரட்டினால் அந்தப் பொருள் போய்விடும். சட்டத்திலும் தத்துவத்திலும் 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்பது இன்றும் நுண்ணிய வேறுபாடே, இனிய வேறுபாடு அன்று. வேலையைக் குளறுபடியாக்கியவரிடம் 'நைஸ் மெஸ்' என்றால் வசை. 'நல்ல லட்சணம்!' என்று தமிழர் சொல்வதும் இவ்வகையே.

இவற்றுள் மிக நுட்பமானது பாராட்டின் போதாமை. தத்துவ ஆசிரியப் பணிக்கு விண்ணப்பித்தவருக்கு அவருடைய ஆசிரியர் தரும் பரிந்துரைக் கடிதம் ஒன்றை தத்துவ அறிஞர் எச். பி. கிரைஸ் 1975இல் வெளிவந்த கட்டுரையில் எடுத்துக்காட்டாகத் தருகிறார். மாணவரின் ஆங்கிலம் சிறப்பு, வகுப்புக்கு ஒழுங்காக வருவார் என்பதோடு கடிதம் நின்றுவிடுகிறது. தத்துவத்தில் திறமை இல்லை என்பதை வாசிப்பவர் தாமே எடுத்துக்கொள்வார். திறமை கேட்கப்படும் இடத்தில் 'நைஸ் பெர்சன்' என்று மட்டும் எழுதுவதும் இப்படியே வேலைசெய்கிறது. சொல்லுக்குப் பொருள் இல்லை என்றால் இந்தக் குறிப்பு வாசிப்பவருக்கு எட்டியே இராது. வலுவான பாராட்டுகளின் வரிசையில் அதன் இடம் எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் எட்டுகிறது.

தமிழ்ப் பேச்சு இச்சொல்லைக் கடன் வாங்கியபோது வேறொரு பொருளைப் பற்றிக்கொண்டது. ஆங்கிலத்தில் இதன் எதிர்ச்சொல்லாக வருவது அருவருப்பையோ கொடுமையையோ குறிக்கும் 'நாஸ்டி'. தமிழகச் சமையலறையில் 'நைஸ்' என்பதன் எதிர்ச்சொல் 'கொரகொரப்பு'. இட்லிக்கு உளுந்தை நைஸாக அரைப்பார்கள், அரிசியைச் சற்றுக் கொரகொரப்பாக விடுவார்கள். உணவகத்தில் 'நைஸ் ரோஸ்ட்' கேட்பவர் எதிர்பார்ப்பது மெல்லிய தோசை. குழைதலையும் நசுங்குதலையும் குறிக்கும் 'நை' என்னும் தமிழ் வினை இப்பொருள் நிலைபெறத் துணைநின்றிருக்கக்கூடும். 'நைந்த துணி', 'நையப் புடைத்தல்' என்ற வழக்குகளின் பொருள் நெருக்கம் இந்த ஊகத்துக்கு இடம் தருகிறது. வழவழப்பிலிருந்து அடுத்த படி நழுவல். 'கூட்டத்திலிருந்து நைஸாக நழுவினான்', 'நைஸாகப் பேசிக் காரியத்தைச் சாதித்துக்கொண்டார்' என்னும்போது தந்திரம் உள்ளே வந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் ஒருவர் பேசிய விதத்தை 'நைஸ்' என்றால் அது பெரும்பாலும் பாராட்டு. தமிழில் ஒருவர் நைஸாகப் பேசினார் என்றால் கேட்பவர் எச்சரிக்கையாகிறார். ஆங்கில முறையில் வியந்து 'நைஸ்!' என்று சொல்லும் பழக்கம் நகர்ப்புற இளைஞரிடையே பரவியிருந்தாலும் மாவு அரைக்கும் இடத்தில் பழைய கடன்பொருளே நிற்கிறது. ஆகவே ஆங்கில–தமிழ் அகராதியில் 'நல்ல, இனிய' என்ற இரண்டு சொற்களோடு இப்பதிவை முடிப்பது போதாது. நுண்மைப் பொருளும், 'ஆஃப்', 'ஃபார்', 'அண்ட்' ஆகியவற்றோடு வரும் அமைப்புகளும் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இடம்பெற வேண்டும். தமிழ் அகராதியில் 'நைஸ்' தனிப் பதிவாக, 'கொரகொரப்பு' என்னும் எதிர்ச்சொல்லோடு நிற்க வேண்டும்.