சாவா மூவா ஆடுகள்

காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு என்றாலே நம் ஆட்களுக்கு ஆதித்த கரிகாலன் கொலைதான். எல்லாம் 'பொன்னியின் செல்வன்' புண்ணியம். அந்த ஒரு கல்வெட்டுக்கு இருக்கும் ரசிகர்களில் பத்தில் ஒரு பங்காவது சோழர் காலத்து ஆட்டுக் கல்வெட்டுகளுக்கும் இருக்கலாம். அவற்றில் கொலை இல்லை, ஆனால் சாவு இருக்கிறது.

கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமா? 96 ஆடு கொடு. ஆடுகள் கோயிலில் நிற்காது, ஓர் இடையர் கைக்குப் போகும். அவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திர சூரியர் உள்ளவரை. தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் 96 ஆட்டுக்குச் சமம் 48 பசு, அல்லது 16 எருமை. இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, கிழடும் தட்டாது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இது ஒப்பந்தம் பேசும் மொழி. ஆடு செத்தால் அது இடையரின் ஆடு. கோயில் ஏட்டில் எப்போதும் 96தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி. நாலு உழக்கு ஒரு நாழி. வருஷத்துக்கு 365 உழக்கு என்றால் 91 நாழிக்குக் கொஞ்சம் மேல். ஆட்டுக்கு ஒரு நாழிகூட வரவில்லை. போட்டவன் விவரமானவன்: நோய், பஞ்சம், பால் மறத்த மாதங்கள் எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருக்கிறான். நல்ல வருஷத்தில் குட்டியும் எருவும் மிச்சப் பாலும் இடையர் வீட்டுக்கு. கெட்ட வருஷத்தில்? தஞ்சைக் கல்வெட்டுகளில் இடையரோடு அவர் உறவினர் பெயர்களும் பொறுப்பாளிகளாக வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. அண்ணன், தம்பி, சித்தப்பா மகன்... ஜாமீன் கையெழுத்துதான், கல்லில்.

சாகாத மந்தையில் செத்தவை எங்கே போயின என்பதற்கும் இந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. கொள்ளிடக்கரை ஆதனூர் நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். இடையரின் நெய் கருவறை வரை போனது. நந்தனார் கொடுத்த தோலும் உள்ளே போனது. அவர் வெளியே நின்றார்.

2011இல் தமிழக அரசு கிராமத்து ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடுகள் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. கடலூர்க்காரர்களுக்கு அந்த டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலும் வந்தது. சிதம்பரத்தைச் சுற்றி காவிரியின் கடைமடை, தண்ணீர் நின்றால் லேசில் வடியாது. ஈரத்தில் குளம்பு அழுகும். வடகிழக்குப் பருவமழையோடு கொசுவைவிடச் சிறிய பூச்சி ஒன்று நீலநாக்கு நோயைக் கொண்டுவரும். பரண் போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும். பரணுக்குக் கடன்.

யூடியூப் வீடியோக்களில் பத்து ஆடு இரண்டே வருஷத்தில் அறுபதாகிறது. அந்த எக்செல் ஷீட்டில் இருப்பவையும் சாவா மூவா ஆடுகள்தான். சிதம்பரம் பக்கம் இருபது சொச்சம் ஆடு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார்: "ஆடு செத்தா ஈஎம்ஐ நிக்காதுண்ணே. சோழன் காலத்துலயாச்சும் மாமன் மச்சான் வந்து நெய் ஊத்துனான்."

அப்புறம் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் இரண்டு கிடா. ஆஸ்பத்திரி என்றால் ஒன்று. மாதச் சம்பளம் எடுத்தவர்களுக்குப் புரியாத சுதந்திரம் இது. வேண்டிய அன்று வேண்டிய அளவு விற்கலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். சம்பா அறுத்த வயலில் ராத்திரி கிடை போட்டால் நிலத்துக்காரர் காசோ நெல்லோ கொடுப்பார். கூடவே ராமநாதபுரத்திலிருந்து பெரிய மந்தைகளோடு கீதாரிகளும் வந்திருப்பார்கள். அவர்களிடம் மருந்து கேட்டுக்கொள்வாராம்.

மழைக்கு முன், புரட்டாசியிலேயே, பாதிக் குட்டிகளை விற்றுவிடுகிறார். விலை கம்மிதான். "சாவுக்கு எடுத்துவச்ச பங்குண்ணே அது" என்றார்.