உறைபனியும் அடைமழையும்: போட்டிக்குக் காய் வளர்க்கும் இரண்டு ஊர்கள்

கோத்தகிரி நேரு பூங்காவில் ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் காய்கறிக் கண்காட்சி நடக்கும். நீலகிரிக் கோடை விழா அதோடுதான் களைகட்டும். கேரட் முற்ற மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். மே மாதம் பார்வைக்கு வைக்க வேண்டிய கேரட்டின் விதை, தை மாதத்திலேயே மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். நீலகிரியில் அது உறைபனி விழும் காலம். சென்னை நந்தனத்தில் மொட்டைமாடியில் தொட்டி வைத்திருப்பவருக்கோ அதே தை அறுவடை மாதம்.

மலையில் பகை கண்ணுக்குத் தெரியும். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி, விடியும்போது புல்வெளி வெளுத்துக் கிடக்கும். ஊட்டி தலைகுந்தாவில் இதை எவரும் பார்க்கலாம். உருளைக்கிழங்கு, பீன்ஸ் இலைகள் ஒரே இரவில் கருகிவிடும். கேரட்டும் முட்டைக்கோஸும் ஓரளவு தாங்கும். அதனால் பள்ளத்து நிலத்தில் எதை வைப்பது, சரிவில் எதை வைப்பது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கொப்புகளால் மூடிக் காப்பாற்றுகிறார்கள். காய்கறித் தோட்டங்களில், வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள்.

நந்தனத்தில் குளிர் என்ற ஒன்று உண்டா என்று மலைக்காரர் கேட்டால் தவறில்லை. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி, வழக்கமான தை மாதத்து விடியலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆனால் இந்த லேசான குளிர்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. கேரட்டுக்கு நல்ல நிறமும் நீளமும் வருவது 15 முதல் 20 டிகிரியில். அதற்குமேல் வெயில் ஏற ஏறக் கிழங்கு குட்டையாகும், நிறம் வெளிறும். மார்கழியும் தையும் கைவிட்டுப் போனால் மாசிக் கடைசியில் எந்த உரமும் உதவாது.

அந்த இரண்டு மாதத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் வடகிழக்குப் பருவமழையைத் தாண்டி வர வேண்டும். புரட்டாசியில் தக்காளி, கத்தரி, காலிஃபிளவர் விதைகளைக் குழித்தட்டில் போட்டு, கூரைக்கடியில் வைக்க வேண்டும். மழை விட்டதும் தென்னைநார்க் கழிவு நிரப்பிய வளர்ப்புப் பைக்கு மாற்றலாம். கேரட்டையும் முள்ளங்கியையும் நாற்றாக வளர்த்து மாற்றினால் வேர் கோணிவிடும். அவற்றை நேரடியாகத்தான் விதைக்க வேண்டும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் தண்ணீர் வடியும். அடைமழை தென்னைநார்க் கழிவிலிருந்து சத்தையெல்லாம் அரித்துக்கொண்டு போயிருக்கும். மண்புழு உரத்தை மேலாகத் திரும்பப் போட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது போல ஒரு புயல் வந்தால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதுதான். அதனால் ஒரு தட்டு நாற்றைக் கையிருப்பாக வைப்பவரே விவரம் தெரிந்தவர்.

மழை ஒரு நன்மையும் செய்கிறது. கேரட் உப்பைத் தாங்காத பயிர். சென்னையின் ஆழ்துளைக் கிணறு பலவற்றில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. மாடியிலிருந்து வழியும் மழைநீரில் இரண்டு டிரம் பிடித்து வைத்தால் தை வரை விதைத்த பைகளுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும். இந்த வசதியை வீணாக்குகிறோம்.

வெயிலையும் கணக்குப் பார்க்க வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தென்பக்கம் அடுக்குமாடிக் கட்டடம் நின்றால், கோடையில் வெயில் காய்ந்த அதே மூலை இப்போது நிழலாகிவிடும்.

இங்கிலாந்தில் போட்டிக்கு வெங்காயம் வளர்ப்பவர்கள் கிறிஸ்துமஸ் சமயத்திலேயே சூடேற்றிய அறைக்குள் விதை போடுகிறார்கள். அந்தப் பெரிய ரகங்கள் பருக்க 14 மணி நேரத்துக்கு மேல் பகல் வேண்டும். சென்னையின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது. எனவே அந்த விதையை வாங்கிப் பயனில்லை. கேரட்டுக்கு அவர்கள் செய்வது மட்டும் நமக்கு உதவும். மணல் நிரப்பிய பீப்பாயில் கடப்பாரையால் கூம்பாகக் குழி இறக்கி, சலித்த கலவையை நிரப்பி, முளைத்ததில் ஒன்றை மட்டும் விடுவார்கள். கிழங்கு கிளைவிடாமல் நேராக இறங்கும். ஆனால் 200 லிட்டர் டிரம் ஈரமணல் 300 கிலோவைத் தாண்டும். மாடியில் அதை ஏற்றக் கூடாது. ஆழமான பையில் தென்னைநார்க் கழிவை மணலுக்குப் பதில் போடலாம்.

இங்கிலாந்தில் நடுவர் பார்ப்பது மூன்றோ ஆறோ காய்கள் அச்சில் வார்த்தது போல ஒத்திருக்கின்றனவா என்பதை. கோத்தகிரியில் கூட்டத்தை இழுப்பவை காய்களை அடுக்கி எழுப்பிய உருவங்கள். கைவேலை அழகுதான். ஆனால் உறைபனியில் அந்தக் கேரட்டை வளர்த்தவரின் திறமை அதற்குள் மறைந்துபோகிறது என்பது என் குறை. தயாரிப்பில் எது கடினம் என்று கேட்டால் நந்தனம் என்றே சொல்வேன். மலைக்குக் குளிர் மாதக்கணக்கில் உண்டு, நமக்கு எண்ணி எட்டு வாரம்.

1835-இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் நந்தனத்துக்குப் பக்கத்தில் கதீட்ரல் சாலையில் இருந்தது. அந்த இடத்துக்கு எதிரே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. பூங்காவினர் மலர்களுக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தைக் காய்க்கும் காட்டி, தை முடிவில் மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு போட்டி வைக்கட்டும்: ஒரே மாதிரி மூன்று கேரட், மூன்று கத்தரி, ஒரு காலிஃபிளவர். வரும் புரட்டாசிக்கு முன் அறிவித்தால் போதும், விதைக்க நாங்கள் தயார்.